மூளையில் ஊறும் மருந்து



நம் பினாங்கு அபினை நன்கறிந்த ஊர். கும்பினியார் 1786-ல் இத்தீவில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே அபின் விற்பனையைக் குத்தகைக்கு விட்டனர். 1910-ல் அரசாங்கமே அவ்வியாபாரத்தை ஏற்றது. யுத்தத்துக்குப் பின் அது ஒழிந்தும், அபினிலிருந்து பிறந்த ஹெராயின் ஒழியவில்லை.

ஒரு செடியின் பாலுக்கு மனிதனை அடிமையாக்கும் வல்லமை எப்படி வந்தது? 1973-ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும், அபின் சத்து வந்து பொருந்தும் இடங்கள் மூளையில் உண்டெனக் காட்டினர். பூட்டு இருந்தால் சாவியும் இருக்க வேண்டுமல்லவா? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அச்சாவியைக் கண்டனர். ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த அச்சிறு சரத்துக்கு என்கெஃபலின் என்று பெயர். 31 அமிலங்கள் கொண்ட எண்டார்ஃபினும் அதே இனத்தது. வலியை ஆற்றுவதும், மன இறுக்கத்தைத் தணிப்பதும், மகிழ்ச்சி தருவதும் இவற்றின் பணிகள்.

உடல் இச்சரக்கைச் சில்லறையாகவே வழங்கும். வேலை முடிந்ததும் கரைத்துவிடும். ஹெராயினோ மொத்தமாய் வந்து இறங்குகிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் பூட்டுகளை இறுக்கிக் கொள்கிறது. நேற்றைய அளவு இன்று போதாது. திடீரென நிறுத்தினாலோ உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து தாக்கும். கெத்தும் இலையின் சத்தும் இதே பூட்டையே நாடுகிறது. அதை ஆராய்வோர் நம் மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கின்றனர்.

இதில் வியாபாரிகளாகிய நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சிகிச்சை முடிந்து வரும் கடைச் சிப்பந்தியை நாம் எப்படி நடத்துகிறோம்? உடல் உபாதை ஓரிரு வாரங்களில் அடங்கும். மூளை சீர்பட மாதங்கள் செல்லும். இடையில் தடுமாறினால், "புத்தி கெட்டவன்" என்று விரட்டிவிடுகிறோம். விலகியிருந்த நாட்களில் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். விரக்தியில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகும்.

நம் நாட்டில் 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை நடைபெறுகிறது. அதுவும் அப்பூட்டில்தான் பொருந்துகிறது. ஆனால் மெதுவாக, ஒரு நாள் முழுதும் நின்று, தவிப்பைத் தணிக்கிறது. வைத்தியர் கண்காணிப்பில் அருந்தும் அம்மருந்தை இன்னொரு போதை என்று இகழ்வது தவறு.

ஆகவே நம் வேண்டுகோள் சிறியது. மருந்துக்காகக் காலையில் ஒரு மணி நேரம் தாமதித்து வரும் பையனின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். கல்லாவில் அமர்த்தத் தயக்கமாயின் கிடங்கில் வேலை கொடுங்கள். வேலை இருந்தால் அவன் திருந்த வழியுண்டு.