அமெச்சூர் வானொலி நிலையத்துக்குரிய கணிப்பொறிப் பதிவேட்டைத் தெரிந்தெடுத்தல்

அமெச்சூர் வானொலி நிலையத்தார் தாம் நடத்தும் தொடர்புகள் யாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வருவது தொன்றுதொட்ட வழக்கம். எந்த நிலையத்துடன் பேசப்பட்டது, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த அதிர்வெண்ணில், வாய்ப்பேச்சாலா, மோர்ஸ் குறியாலா, கணிப்பொறிக் குறிகளாலா, எதிர்நிலையம் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்னும் விவரங்கள் அதில் இடம்பெறும். முன்னாளில் இதற்குத் தைத்த நோட்டுப் புத்தகமே போதுமானதாக இருந்தது. இக்காலத்தில் இப்பணியைக் கணிப்பொறி மேற்கொண்டுவிட்டது. இதற்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைப்பவை. ஆதலின் எதைத் தெரிந்தெடுப்பது என்பதே பள்ளி நிலையங்களின் பொறுப்பாசிரியர்களுக்கு எழும் முதல் ஐயமாகும்.

இவ்வையத்தைத் தீர்க்கு முன் பதிவேட்டின் பயன் யாது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். இடையூறு பற்றிய புகார் எழுந்தால் அது சான்றாகிறது. தொடர்பை உறுதிப்படுத்தும் க்யூ.எஸ்.எல். அட்டைக்கு அதுவே ஆதாரம். ஆசிரியருக்கோ இவ்விரண்டினும் மேலான பயன் ஒன்றுண்டு. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. அவை பெருகும்போது 28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கண்டம் விட்டுக் கண்டம் தொடர்பு கிட்டுகிறது. குறையும்போது அவ்வலைவரிசை பல நாட்கள் ஊமையாகிவிடுகிறது. ஒரு பள்ளி நிலையம் பதினோராண்டுப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தால், அயனி மண்டலத்தைப் பற்றிய பாடத்தை மாணவர் தம் நிலையத்தின் சொந்த விவரங்களைக் கொண்டே கற்கலாம். ஆயின் பதினோராண்டுக் காலத்தில் கணிப்பொறி இருமுறையேனும் மாறும், பொறுப்பாசிரியரும் மாறுவார். மென்பொருள்களுள் பல தனியொருவர் ஓய்வு நேரத்தில் எழுதியவை. அவர் கைவிட்டால் அவையும் நின்றுபோகும். ஆகவே மென்பொருளிடம் முதன்முதல் எதிர்பார்க்க வேண்டியது அழகிய உலகப் படமோ வண்ண வரைபடமோ அன்று. உள்ளே சென்ற பதிவுகள் ஒன்றும் குறையாமல் வெளியே வருமா என்பதே.

இதற்கென 1996ஆம் ஆண்டில் ஏ.டி.ஐ.எப். என்னும் பொது அமைப்பு ஒன்று ஏற்பட்டது. அதன் கருத்து மிக எளிது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னே கோண அடைப்பில் அவ்விவரத்தின் பெயரும், அதையடுத்து அவ்விவரம் எத்தனை எழுத்துக்களைக் கொண்டது என்னும் எண்ணும் எழுதப்படும். அழைப்புக்குறி ஆறெழுத்தாயின் 6 என்று குறித்துப் பின் ஆறெழுத்தும் வரும். படிக்கும் மென்பொருள் அவ்வெண்ணைக் கொண்டு எழுத்துக்களை எண்ணி எடுத்துக்கொள்கிறது. சாதாரண எழுத்துக் கோப்பாதலின் மென்பொருள் ஏதுமின்றி மனிதர் கண்ணாலும் படிக்கலாம். இங்கே தமிழருக்கும் பிற இந்திய மொழியினருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ஏ.டி.ஐ. என்னும் பழைய வடிவக் கோப்பு ஆங்கில எழுத்துக்களுக்கே உரியது. நண்பரின் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதி வைத்தால், வெளியேற்றும்போது அவை கேள்விக்குறிகளாக மாறக்கூடும்; எழுத்தெண்ணிக்கை பிழைபட்டு அடுத்த விவரமும் சிதையக்கூடும். ஏ.டி.எக்ஸ். என்னும் பிந்திய வடிவம் எல்லா மொழி எழுத்துக்களையும் ஏற்கும். ஆயினும் அதை எல்லா மென்பொருள்களும் கையாள்வதில்லை.

அடுத்தது நேரம் பற்றியது. இதிலே தவறுவோர் மிகப் பலர். அமெச்சூர் பதிவுகள் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஜனவரி 12ஆம் நாள் விடியற்காலை 2.40க்கு நிகழ்ந்த தொடர்பு, பதிவேட்டில் ஜனவரி 11, 21.10 என்றே இடம்பெற வேண்டும். மணி மட்டுமன்றித் தேதியும் மாறுவதைக் கவனிக்க. எல்.ஓ.டி.டபிள்யு. எனப்படும் அமெரிக்க அமெச்சூர் கழகத்தின் உறுதிப்படுத்தும் ஏற்பாடு, இரு நிலையங்களின் பதிவுகளுக்கிடையே 30 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருப்பின் அவற்றை ஒரே தொடர்பென ஏற்பதில்லை. இந்திய நேரத்தை எழுதியவருக்கு ஒரு தொடர்பேனும் உறுதியாவதில்லை; காரணமும் விளங்குவதில்லை. நல்ல மென்பொருள் கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து பொது நேரத்தைத் தானே கணித்துக்கொள்ளும். ஆனால் கணிப்பொறியில் நேர மண்டலம் தவறாக அமைந்து, முள் மட்டும் இந்திய நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் கணிப்பும் தவறாகும். மண்டலத்தைச் சரிபார்ப்பதே முதல் வேலை. 2017இல் வெளிவந்த எப்.டி.8 முறையில் பணிபுரிவோர்க்குக் கடிகாரம் விநாடியளவிலும் பிசகலாகாது. ஏனெனில் அம்முறையில் செலுத்துதலும் கேட்டலும் 15 விநாடித் துண்டுகளாக மாறி மாறி நிகழ்கின்றன.

எந்த மென்பொருள் எந்தக் கணிப்பொறியில் இயங்கும் என்பது பெரிய சிக்கலன்று. விண்டோஸ் உடையோர்க்கு லாக்-4-ஓ.எம்., டி.எக்ஸ். கீப்பர் போன்றவை உள்ளன. கேரள அரசுப் பள்ளிகளைப் போல் லினக்ஸ் உபயோகிப்போர்க்கு சி.க்யூ.ஆர்.லாக் உண்டு. என்.1.எம்.எம். போட்டிகளுக்கென்றே அமைந்தது, அன்றாடப் பதிவுக்கு அதை எடுப்பது பந்தயக் குதிரையை ஏரில் பூட்டுவது போலாகும். வானொலிப் பெட்டியைக் கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்து அதிர்வெண்ணைத் தானே எழுதச் செய்யும் வசதி இருப்பின் அதனை விட்டுவிடலாகாது. அலைவரிசையை மாற்றியவர் பதிவேட்டில் மாற்ற மறப்பது சாதாரணம்.

இணையத்தில் வேறொருவர் இடத்தில் பதிவேட்டை வைக்கும் ஏற்பாடுகளும் உள. எங்கிருந்தும் எழுதலாம் என்பது அவற்றின் சிறப்பு. எனினும் 2024 மே மாதத்தில் அமெரிக்கக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, மேற்கூறிய எல்.ஓ.டி.டபிள்யு. ஏற்பாடு ஜூலை தொடக்கம் வரை செயற்படவில்லை. தம் பதிவின் படியைக் கையில் வைத்திருந்தோர் காத்திருந்து பின்னர் அனுப்பினர். அவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை. மாதம் ஒரு முறை ஏ.டி.ஐ.எப். கோப்பொன்றை வெளியேற்றி, வேறொரு சாதனத்தில் சேமித்தல் வேண்டும்.

பேரிடர்க் காலத்துச் செய்திக் குறிப்பு இதனின்றும் முற்றிலும் வேறானது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தாக்கியபோது, அந்தமானில் அமெச்சூர் இயக்கத்துக்கென வந்து தங்கியிருந்த குழுவினர் தீவினரின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். அத்தகைய வேளையில் யார் யாருக்கு என்ன செய்தி விடுத்தார், எப்போது பெறப்பட்டது, உரியவரிடம் சேர்ந்ததா என்பன வேண்டும். தொடர்புப் பதிவு மென்பொருள்களில் இவற்றுக்குத் தக்க இடமில்லை, மின்சாரமும் இராது. அதற்குத் தனியே ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் நிலையத்தில் எப்போதும் இருக்கட்டும்.

மென்பொருளை முடிவாக ஏற்குமுன் ஒரு சோதனை செய்து பார்ப்பது எளிது. பத்துத் தொடர்புகளை எழுதுக. அவற்றுள் ஒன்று இந்திய நேரம் நள்ளிரவுக்கும் 5.30க்கும் இடைப்பட்டதாகவும், ஒன்றில் பெயர் தமிழிலும் இருக்கட்டும். பத்தையும் கோப்பாக வெளியேற்றி, வேறு கணிப்பொறியில் வேறு மென்பொருளில் ஏற்றி, தாளில் எழுதிய மூலத்துடன் மாணவர் இருவரை ஒப்பிடச் சொல்லலாம். ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடிந்துவிடும்.