கரையானுக்கு எறும்புப் பொடியா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு பேச்சு ஓய்வதே இல்லை. கரையான் என்பது வெள்ளை எறும்பாம். எறும்புப் பொடி தூவினால் ஒழிந்துவிடுமாம். நிலைப்படி ஓரம் பொடியைக் கோடாகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சுவரோடு ஒட்டிய மண்குழாய்க்குள்ளேயே போய்வரும் கரையான் அந்தக் கோட்டை எங்கே மிதிக்கப்போகிறது?

எறும்புக்குச் சொந்தம் குளவியும் தேனீயும். கரையானுக்குச் சொந்தம், கேட்டால் முகம் சுளிப்பார்கள், கரப்பான்பூச்சி! லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2007-இல் மரபணுக்களை ஒப்பிட்டு, கரையானைக் கரப்பான் வரிசையிலேயே சேர்க்கச் சொன்னார்கள். ஆய்வகம் வேண்டாம், கண் போதும். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடியும். கரையானுக்கு இடையே கிடையாது. கொம்பு கோத்த மணிச்சரம். எறும்பு கூட்டுப்புழுவாகி வளரும். கரையான் முட்டையிலிருந்து வெளிவரும்போதே சின்னக் கரையான்தான்.

ஈசல் தனிப் பூச்சி என்பதும் பொய். மழை விட்டதும் விளக்கைச் சுற்றிச் சிறகுதிர்ப்பது கரையானின் வருங்கால ராஜா ராணிகளே. நான்கு சிறகும் ஒரே அளவில் இருக்கும். சிறகு முளைத்த எறும்புக்கு முன்சிறகுதான் பெரிது.

புற்று பாம்பு கட்டியது என்பவர்களோடு வாதாட வேண்டியதில்லை. சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வது பக்தி, அது இருக்கட்டும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையைப் பழமொழியே சொல்லிவிட்டது.

கரையானிலும் எல்லாம் ஒன்றல்ல. உலகில் ஏறக்குறைய 3,000 இனங்கள். வீட்டையும் பயிரையும் கெடுப்பவை அவற்றில் சிறு பங்குதான். மண்குழாய் தெரிந்தால் அது நிலத்தடிக் கரையான். நாற்காலிக்கு அடியில் கசகசாபோல் காய்ந்த குருணை கொட்டிக்கிடந்தால் உலர்மரக் கரையான். குருணையை லென்ஸில் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். இந்தக் கரையான் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும், மண்ணுக்கு மருந்து ஊற்றினால் தண்டச்செலவு.

இனம் எது என்று சொல்ல வேலைக்காரக் கரையான் உதவாது, எல்லாம் ஒரே சாயல். சிப்பாய்க் கரையானின் தலையும் தாடையும் வேண்டும். புற்றுகட்டும் ஒடான்டோடெர்மிஸ் என்ற கரையான் வகையின் சிப்பாய்க்கு இடது தாடையில் கூரிய பல் ஒன்று துருத்தி நிற்கும். ஆகவே புளியங்குடி எலுமிச்சைத் தோட்டக்காரர்களும் சரி, வீட்டுக்காரர்களும் சரி, மருந்தடிக்குமுன் பெருந்தலைச் சிப்பாய் நாலைந்தைச் சாராயம் ஊற்றிய சிறு புட்டியில் போட்டு, வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டட்டும். மருந்துக் கடைக்குப் போவது அப்புறம்.