வால் நிற்கும் காற்று

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாதிரி விமானத்தின் வரைபடம் கிடைத்தது. செங்குத்து வாலின் உச்சியில் கிடைவாலை ஏற்றி வைத்திருக்கிறாய். டி-வால் அழகுதான். ஆனால் அழகைப் பார்த்து வாலைத் தேர்ந்தெடுக்காதே. அது எந்தக் காற்றில் நிற்கப்போகிறது என்பதை முதலில் யோசி.

அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் 1978-இல் நீ செய்ததைத்தான் செய்தது. லான்ஸ் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தாழ்வாக இருந்த கிடைவாலை உச்சிக்கு ஏற்றியது. தாழ்ந்த வாலின் மேல் ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று எப்போதும் பாயும். ஓடுபாதையில் மெதுவாகப் போகும்போதே அதற்குப் பிடி கிடைத்துவிடும். உச்சியில் இருக்கும் வாலுக்கு அந்தக் காற்று சரியாக எட்டாது. விமானி கட்டுப்பாட்டுப் பிடியை இழுப்பார், மூக்கு எழாது. இன்னும் இழுப்பார். வேகம் கூடியதும் மூக்கு வெடுக்கென்று நிமிரும். லான்ஸை அடுத்து 1980-இல் வந்த சரட்டோகாவில் வாலை மறுபடி கீழேயே இறக்கிவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

கிளைடர்களில் டி-வால் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று நீ கேட்கலாம். அங்கே ப்ரொப்பெல்லர் காற்றே இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. இறக்கை கலைத்துவிட்ட காற்றுக்கு மேலே வால் அமைதியாக வேலை செய்யும். வயலில் இறங்கினால் பயிரிலும் சிக்காது.

இறக்கை அளவுக்கு மீறி நிமிர்ந்தால் கதை மாறுகிறது. அப்போது காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, கலங்கிப்போய்ப் பின்னால் மேல்நோக்கி ஓடும். உயரத்தில் இருக்கும் வால் அந்தக் கலங்கலுக்குள் மாட்டிக்கொண்டால் கிடைவாலின் அசையும் தகடான எலிவேட்டரை எவ்வளவு தள்ளினாலும் மூக்கு தாழாது. 1963 அக்டோபர் 22 அன்று இங்கிலாந்தில் சோதனைப் பறப்பில் இருந்த பிஏசி ஒன்-லெவன் ஜெட் இப்படித்தான் விழுந்தது. சோதனை விமானி மைக் லித்கோ உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அது பெரிய விமானம். நேரான இறக்கை கொண்ட சிறு விமானங்களில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் டி-வால் வரையும் எவரும் இதைத் தெரிந்துகொண்டே வரைய வேண்டும்.

வி-வாலைப் பற்றியும் கேட்டிருந்தாய். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் 1947 முதல் 1982 வரை இருந்தது அதுதான். இரண்டே தகடுகள் ஏற்றம், திருப்பம் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கொந்தளிக்கும் காற்றில் பின்பகுதி பக்கவாட்டில் ஆடும். முதல் விமானத்துக்கு அது வேண்டாம்.

உன் விமானத்துக்கு மூக்கில் மோட்டார் இருக்கிறது. அதனால் கிடைவாலைக் கீழே இறக்கு. எடை மையத்தைச் சற்று முன்னால் வை. பின்னால் போனால் எந்த வாலும் காப்பாற்றாது. புதிய வரைபடத்தில் ப்ரொப்பெல்லரின் அச்சுக்கோட்டை வால்வரை நீட்டி வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்