இருட்டைக் காட்டும் நாவல்கள்: ஒரு வாசகனின் அனுபவம்

சென்ற மாதம் என் மருமகள் ஒரு புகாருடன் வந்தாள். "மாமா, உங்கள் பேத்தி படிக்கிற புத்தகத்தைப் பார்த்தீர்களா? ஆரம்பம் முதல் சாவும் பழிவாங்கலும்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இது தேவையா?"

பேத்தியின் கையில் இருந்தது எமிலி பிராண்டி எழுதி 1847-இல் வெளிவந்த 'உதரிங் ஹைட்ஸ்'. மருமகளின் கவலை நியாயமானதுதான். ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அவர்கள் மனம் வாடிவிடக் கூடாதே என்ற பயம் எப்போதும் உண்டு. ஆனால் இத்தகைய நாவல் ஒன்று எனக்குச் செய்த உதவியை நான் மறக்க முடியாது. அதை நம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1978-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் டில்லி வந்து இறங்கினேன். கரோல்பாக்கில் ஒரு மாடி அறை, மேலே தகரம். எட்டு மாதத்தில் தற்காலிக வேலை போயிற்று. கும்பகோணத்தில் இருந்த அம்மாவுக்கு மட்டும் வாராவாரம் "இங்கு யாவரும் நலம், வேலை நன்றாகப் போகிறது" என்று இன்லண்டு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா போட்டு அனுப்பிய மோதிரம் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரியாகஞ்ச் நடைபாதையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் மலிவாகக் கிடைத்தது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் அது இன்று தமிழிலும் கிடைக்கிறது.

கொலைக்குப் பிறகுதான் கதை

1866-இல் ஒரு மாத இதழில் தொடராக வந்த நாவல் அது. பீட்டர்ஸ்பர்க் நகரில் ஜூலை மாதப் புழுக்கம். ஐந்து மாடி வீட்டின் உச்சியில், அலமாரி போன்ற ஓர் அறையில் ரஸ்கோல்நிகாவ் என்ற மாணவன் இருக்கிறான். பணம் இல்லாமல் படிப்பை விட்டவன். அப்பாவின் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான். அந்த அடகுக்காரக் கிழவியைக் கோடரியால் கொன்றுவிடுகிறான். எதிர்பாராமல் உள்ளே வந்த அவளுடைய தங்கையையும் கொல்கிறான்.

நாம் படித்துப் பழகிய துப்பறியும் கதைகளில் கொலையாளி யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். இங்கே ஆறு பாகங்களில் முதல் பாகம் முடியும்போதே கொலை நடந்து முடிந்துவிடுகிறது. செய்தவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். மீதி ஐந்து பாகங்களில் என்ன இருக்கிறது? ஒளித்து வைத்த ஒன்றோடு ஒரு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதுதான். எடுத்த நகைகளை ஒரு கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டு, அவன் அந்தப் பக்கமே போவதில்லை. நண்பன் உதவ வந்தால் விரட்டுகிறான். காய்ச்சலில் விழுகிறான். நீதிமன்றம் தண்டனை தருவதற்கு வெகு முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

என்னை உலுக்கியது கொலை அல்ல. அதற்கு முன்னால் வரும் அவன் அம்மாவின் கடிதம். வருடத்துக்கு 120 ரூபிள் பென்ஷனில் வாழ்பவள், அதையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி மகனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவனுக்கு ஒரு வழி பிறக்கும் என்று எண்ணி, தங்கை ஒரு பணக்காரருக்குக் கழுத்தை நீட்டச் சம்மதித்துவிட்டாள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் யாரையும் கொல்லவில்லை. ஆனால் ஒளித்து வைத்துக்கொண்டு அறைக்குள் அடைந்து கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

முடிவில் சோனியா என்ற ஏழைப் பெண்ணிடம் அவன் உண்மையைச் சொல்கிறான். பிறகு காவல் நிலையத்திலும் சொல்கிறான். எட்டு ஆண்டு சைபீரியாத் தண்டனை. அம்மாவிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. விடைபெறப் போனவன், தன்னைப் பற்றி என்ன கேள்விப்பட்டாலும் அன்பு மாறாதிருப்பாயா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறான். பின்னர் அம்மா நோயில் இறக்கிறாள். அவள் ஏற்கனவே நிறைய ஊகித்திருந்தாள் என்பது அந்தக் காய்ச்சல் பிதற்றலில்தான் வெளிவருகிறது.

புத்தகத்தை மூடிவைத்து, அன்றே அம்மாவுக்கு உண்மையை எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. நாலே வரி. மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன் கையெழுத்து மாறியிருந்ததிலேயே எனக்குச் சந்தேகம்" என்று முதல் வரி. மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் டில்லி முகவரி கடைசி வரி. அந்த முகவரியில் போய்ப் பார்த்தவர் வழியாகத்தான் எனக்கு அடுத்த வேலை கிடைத்தது.

பேத்தியின் புத்தகம்

இனி 'உதரிங் ஹைட்ஸ்'. லிவர்பூல் தெருவில் அனாதையாகத் திரிந்த ஹீத்கிளிஃப் என்ற சிறுவனை ஒரு பெரியவர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவர் இறந்ததும் அவருடைய மகன் ஹிண்ட்லி அந்தப் பையனைப் படிக்க விடாமல் வேலைக்காரனாக்குகிறான். ஹீத்கிளிஃப் வளர்ந்து அந்த வீட்டையே தன் பிடிக்குள் கொண்டுவந்து, ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனை அதேபோல எழுத்தறியாதவனாக வளர்க்கிறான். தனக்கு நடந்ததையே இன்னொரு குழந்தைக்குச் செய்கிறான்.

இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது? கேத்தி என்ற இளம்பெண் ஹேர்ட்டனுக்குப் படிக்கச் சொல்லித் தரும்போது. முதலில் அவனைக் கேலி செய்தவளும் அவளேதான். இருவரும் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருக்கும் காட்சியில் அந்த வீட்டின் இருள் விலகத் தொடங்குகிறது. பேத்தி அந்த இடத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "தாத்தா, இவ்வளவு நேரம் பயந்ததே இதற்காகத்தான் போலிருக்கு" என்றாள்.

பெற்றோருக்கு மூன்று கேள்விகள்

பிள்ளைகள் இப்படிப்பட்ட நாவலைப் படித்தால் பிடுங்கி வைக்காமல், மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாத்திரம் எதை ஒளிக்கிறது? அதை முதலில் யாரிடம் சொல்கிறது? இன்னும் முன்னதாகவே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதையைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஆரம்பிக்கும். சில வீடுகளில் பேச்சு கதையைத் தாண்டியும் போகலாம். மதிப்பெண் குறைந்தது, விடுதியில் தனிமை, நண்பர்களின் கேலி என்று நேரே கேட்டால் வராத பதில்கள் இந்த வழியில் வரக்கூடும்.

பத்து வயதுக் குழந்தைக்கு இந்நூல்களைக் கொடுக்கச் சொல்லவில்லை. வயதும் மனநிலையும் பார்த்தே கொடுக்க வேண்டும். மனம் ஏற்கனவே சோர்ந்திருக்கும் பிள்ளையைப் புத்தகத்தோடு தனியே விடாமல் கூட உட்காருங்கள்.

மருமகளுக்கும் இதைத்தான் சொன்னேன். இப்போது 'உதரிங் ஹைட்ஸ்' அவள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேத்தி 'குற்றமும் தண்டனையும்' கேட்டிருக்கிறாள். பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறேன்.