அலிபிரியில் நின்ற மகிழுந்து

திருமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இடம் அலிபிரி. ஊர்திகள் ஏறும் மலைப்பாதைக்கும், நடந்து ஏறும் படிவழிக்கும் அதுவே நுழைவாயில். அங்கிருந்து 3,550 படிகள் ஏறித் திருமலையை அடையலாம். நடந்து செல்வோரில் பலர் தம் ஊர்திகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, வழிபாடு முடிந்தபின் திரும்பி வந்து எடுத்துச் செல்வர்.

அவ்வாறு திரும்பி வரும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அது சித்தூரில் வாழும் தமிழ்க் குடும்பம். மாலை மங்குகிறது. களைத்த கால்களுடன் பாட்டி பின்னிருக்கையில் அமர்கிறார். தந்தை சாவியைத் திருப்புகிறார். ‘டிக் டிக்’ என்னும் ஒலி மட்டுமே எழுகிறது, இயந்திரம் இயங்கவில்லை. அருகில் நின்ற ஒருவர், “பேட்டரி முடிந்துவிட்டது, புதியது வாங்கிவிடுங்கள்” என்கிறார். புதிய பேட்டரி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டுமே என்று தந்தை தயங்குகிறார். அப்போது எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், “அப்பா, நேற்று விடியற்காலை இருட்டில் வந்தோமே. அப்போது போட்ட சிறு விளக்கை அணைக்கவே இல்லை, பாருங்கள்!” என்கிறாள்.

அவள் கண்டது சிறிய செய்தி அன்று. மின்னாற்றல் தீர்ந்த பேட்டரி வேறு. ஆயுள் தீர்ந்த பேட்டரி வேறு. முன்னதற்கு மின்னேற்றம் போதும். பின்னதை மாற்றியே ஆக வேண்டும். சாவியைத் திருப்பும்போது இரண்டும் ஒரே ஒலியைத்தான் எழுப்பும்.

நூல்வழக்கில் பேட்டரியை மின்கல அடுக்கு என்பர். காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட இவ்வகை மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். மகிழுந்தில் இத்தகைய ஆறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆகவே முழுமையாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில், 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலை உள்ளது. இவ்வூர் மாணவர்கள் பேட்டரியைப் பற்றி அறிவது தம் ஊர்த் தொழிலைப் பற்றி அறிவதுமாகும்.

பேட்டரியை மாற்ற வேண்டுமா என்பதை நான்கு படிகளில் அறியலாம்.

முதலாவது, கண்ணால் காணுதல். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தாலும், கம்பி தளர்ந்திருந்தாலும் மின்னோட்டம் தடைப்படும். தூய்மை செய்து இறுக்கினாலே வண்டி கிளம்பக்கூடும். பேட்டரியின் பெட்டி உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அதனை உடனே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வயதை அறிதல். பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். கடும் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும்.

மூன்றாவது, ஓய்வில் அளத்தல். முழுமையாக மின்னேற்றி, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டை ஒட்டி நின்றால் நலம். 12.2 வோல்ட்டுக்கும் கீழே தானாக இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அளவு சரியாக இருந்தும் வண்டி கிளம்பத் திணறினால், பணிமனையில் சுமைச் சோதனை செய்து பார்ப்பர்.

நான்காவது, இயந்திரம் ஓடும்போது அளத்தல். பல வண்டிகளில் அப்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். அளவு உயரவே இல்லையெனில், குறை பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதன் இணைப்பிலோ இருக்கக்கூடும். அந்நிலையில் புதிய பேட்டரியும் விரைவில் ஓய்ந்துவிடும்.

பேட்டரியிலுள்ள அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். மின்னேறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றும். ஆதலின் சிறுவர்கள் இச்சோதனைகளைப் பெரியோர் துணையின்றிச் செய்தல் கூடாது.

அலிபிரியில் நின்ற மகிழுந்துக்கு மற்றொரு வண்டியிலிருந்து கம்பி இணைத்து மின்சாரம் தரப்பட்டது. இயந்திரம் உறுமியது. குடும்பம் வழியில் எங்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் ஊர் சேர்ந்தது. மறுநாள் பணிமனையில் முழுமையாக மின்னேற்றி, மாலையில் அளந்தபோது அளவு 12.6 வோல்ட். சுமைச் சோதனையிலும் குறை இல்லை. பேட்டரியை மாற்றத் தேவை எழவில்லை.

நல்ல பேட்டரியை மாற்றினால் பணம் வீணாகும். நஞ்சாகிய காரீயக் கழிவும் காலத்துக்கு முன்பே சேரும். தளர்ந்ததை மாற்றாமல் விட்டாலோ, நள்ளிரவில் நடுவழியில் நிற்க நேரிடும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்வு தேட வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் வழி. அவ்வழி மனிதருக்கு மட்டுமன்றி, மனிதர் செய்த பொறிகளுக்கும் பொருந்தும். ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையில் எறியாமல் விற்பனையாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அதிலுள்ள காரீயம் உருக்கப்பட்டு மீண்டும் பேட்டரியாகும்.

பயிற்சி

அ. பொருள் எழுதுக: அடிவாரம், மகிழுந்து, படிவு, பணிமனை.

ஆ. விடை எழுதுக:
1. மகள் கண்டறிந்த செய்தி யாது? அதனால் விளைந்த நன்மை என்ன?
2. ஒரு மகிழுந்தின் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிறது. இயந்திரம் ஓடும்போது 12.4 வோல்ட் காட்டுகிறது. எதனைச் சோதிக்க வேண்டும்? ஏன்?

இ. பிரித்து எழுதுக: மின்னாற்றல், நள்ளிரவு, நுழைவாயில்.

ஈ. வீட்டில் பழுதுற்ற பொருள் ஒன்றின் காரணத்தை ஆராய்ந்து கண்ட நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.