மலையில் மழை பிடித்துக்கொண்டால்

கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறுகிறவர்களைக் காலை வானம் நன்றாக ஏமாற்றும். ஒன்பது மணிக்குப் பளிச்சென்று வெயில் அடிக்கும்; மதியத்துக்கு மேல் முகடுகளில் கருமேகம் திரண்டு இடியோடு கொட்டும். ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பகுதிக் கோடை மழையின் வழக்கமே இதுதான். ஆகவே முதல் ஏற்பாடு ரெயின்கோட் அல்ல, அலாரம். விடிந்ததும் நடக்கத் தொடங்கி மதியத்துக்குள் கூடாரம் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கிளம்புமுன் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115.6 மி.மீ.க்குக் குறையாத மழைக்கு வாய்ப்பு என்று பொருள். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

பேக்கின் மேல் மாட்டும் மழை உறையை மட்டும் நம்பினால் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். பேக்குக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் ஸ்லீப்பிங் பேக், ஒரு செட் துணி, சாக்ஸ் வைத்து வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். அந்தத் துணி இரவுக்கு மட்டும். மறுநாள் காலை, சிலிர்க்கச் சிலிர்க்க, பழைய ஈரத் துணியையே மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலைதான். ஆனால் உலர்ந்ததையும் நனைத்துவிட்டால் அடுத்த இரவுக்கு வேறு வழியில்லை. ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும்.

குளிரைக் குறைத்து எடைபோடுவது நம் ஊர்க்காரர்களின் பழக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். அடிவாரத்துப் போடியில் மின்விசிறி சுழலும் நேரத்தில், 2,640 மீட்டர் உயர மீசப்புலிமலை முகட்டில் சுமார் 15 டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால், பனி இல்லாமலே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடுங்குகிறவருக்கு நாக்குக் குழறினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் வராவிட்டாலோ நடையை அங்கேயே நிறுத்தி, ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுக்க வேண்டும். பிராந்தி வேண்டாம். அது வெப்பத்தை வேகமாக வெளியேற்றிவிடும்.

எல்லாவற்றையும்விட ஓடைதான் ஆளைக் கொல்லும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம், குளித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதும், மேலே பெய்த மழை ஓடை வழியாக வந்து சேரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நிமிடமே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். முழங்காலைத் தொடும் வேகமான நீரில் இறங்கவே கூடாது. மழை விட்டால் சிற்றோடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். சாயங்கால பஸ் போனால் போகட்டும்.

கூடாரத்துக்கும் வறண்ட ஓடைப்படுகை ஆகாது. மொட்டை முகடும் ஆகாது, மின்னல் விழும். துணிக் கூடாரம் மின்னலைத் தடுக்காது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைந்தால் உடனே உயரத்தை விட்டு இறங்க வேண்டும். கொட்டும் மழையில் கூடாரம் போடும்போது இரண்டு பேர் தார்ப்பாயை மேலே விரித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அதனடியில் கம்பி கோக்கலாம். அடிவிரிப்பின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கிப் படுக்கைக்கு அடியில் சேர்த்துவிடும். உள்ளே மடித்துவிட வேண்டும். உள்ளே அடுப்பு மட்டும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

அட்டைக்கு இவ்வளவு கூச்சல் தேவையில்லை. நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். அதைக் கண்டு துள்ளி, பாசிப் பாறையில் வழுக்கி விழுவதுதான் ஆபத்து.

வீடு திரும்பிய அன்றே கூடாரத்தை மொட்டை மாடிக் கொடியில் விரித்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து, உட்பூச்சு உரியத் தொடங்கும்.