ஹைப்போவா, ஹைப்பரா? மருத்துவ ரிப்போர்ட்டைப் பிழையில்லாமல் படிக்க ஒரு வழிகாட்டி

லேப் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி என எதை எடுத்தாலும் ஹைப்போ, ஹைப்பர் என்று தொடங்கும் சொற்கள் கண்ணில் படும். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த முன்னொட்டுகள். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. ஹைப்பர் என்றால் மேலே, அதிகம். எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பொருளில் நேரெதிர்.

மருத்துவர்களுக்கு இது பழகிய விஷயம். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டிய நேரத்தில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆங்கிலப் புலமை இல்லாதவரும் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளலாம். படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நான்காவது எழுத்தைப் பாருங்கள்

இரண்டு சொற்களும் எச், ஒய், பி என்ற அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. வேகமாகப் படிக்கும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த எழுத்தில் விரலை வையுங்கள். அது 'ஓ' என்றால் ஹைப்போ. 'இ', அதையடுத்து 'ஆர்' என்றால் ஹைப்பர். ஆங்கில 'ஓ' பூஜ்யத்தின் வடிவில் இருக்கிறது. பூஜ்யம் என்றால் குறைவு என்று மனதில் பதித்துக்கொண்டால் மறக்காது. கையால் எழுதிய சீட்டில் அந்த எழுத்து தெளிவாக இல்லையென்றால் ஊகிக்க வேண்டாம், நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டுவிடுங்கள்.

படி 2: எது குறைந்தது, எது கூடியது?

முன்னொட்டுக்குப் பின்னால் வரும் பகுதி அதைச் சொல்லிவிடும். அடிக்கடி வருபவை இவை:

- கிளைசீமியா: ரத்தச் சர்க்கரை
- டென்ஷன்: ரத்த அழுத்தம்
- தைராய்டிசம்: தைராய்டு சுரப்பியின் வேலை
- நேட்ரீமியா: ரத்தத்தில் சோடியம்
- காலீமியா: ரத்தத்தில் பொட்டாசியம்
- கால்சீமியா: ரத்தத்தில் கால்சியம்

இவற்றில் டென்ஷன் என்ற சொல் நம்மவர்களைப் பெரிதும் ஏமாற்றுகிறது. பேச்சில் மனப் பதற்றத்தை டென்ஷன் என்கிறோம். அதனால் ஹைப்பர்டென்ஷன் என்று எழுதியிருந்தால், "கவலைப்படாமல் இருந்தால் சரியாகிவிடும்" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இங்கே டென்ஷன் என்பது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். மனம் அமைதியாக இருக்கும் ஒருவருக்கும் அது 160/100 இருக்கலாம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

படி 3: பக்கத்தில் உள்ள எண்ணோடு பொருத்துங்கள்

சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் அளவும் அதன் அருகே இயல்பான அளவும் அச்சாகியிருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவான எல்லைகள்:

- ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் ஹைப்போ. 54-க்குக் கீழே போனால் கடுமையான நிலை.
- ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஹைப்பர். 90/60-க்குக் கீழே என்றால் ஹைப்போ.
- சோடியம் 135 முதல் 145 வரை இயல்பு.
- பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இயல்பு.

லேபுக்கு லேப் சிறு மாற்றம் இருக்கும் என்பதால் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எல்லையையே பின்பற்றுங்கள். எண் ஒன்றும் சொல் வேறொன்றும் சொன்னால் அது தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். அப்படியொன்று கண்ணில் பட்டால் உடனே கேளுங்கள்.

பொட்டாசியத்தில் இந்த வேறுபாடு நேராகச் சாப்பாட்டில் வந்து நிற்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கி ஹைப்போகாலீமியா ஆனவருக்கு டாக்டரே இளநீர் குடிக்கச் சொல்லலாம். சிறுநீரகம் பழுதாகி ஹைப்பர்காலீமியா உள்ளவருக்கோ அதே இளநீர் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். ஹைப்போநேட்ரீமியா என்று படித்தவுடன் சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போடுவதும் தவறு. உடலில் நீர் மிகுந்ததாலும் சோடியம் குறைந்து தெரியும். அப்போது தண்ணீரைக் குறைப்பதுதான் சிகிச்சை.

படி 4: தைராய்டு ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படியுங்கள்

டி.எஸ்.எச். கூடியிருந்தால் ஹைப்பர் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது ஹைப்போ. காரணம், டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் உருவாவதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி அதைச் சுரந்து, "இன்னும் வேலை செய்" என்று தைராய்டுக்கு உத்தரவிடுகிறது. தைராய்டு சோம்பினால் உத்தரவு கூடும். தைராய்டு மிகையாக வேலை செய்தால் உத்தரவு குறையும். டி.எஸ்.எச். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். 12 என்று வந்தால் தைராய்டு மந்தம், 0.01 என்று வந்தால் தைராய்டு மிகை. டி3, டி4 அளவுகளையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் உறுதி செய்வார். கர்ப்பிணிகளுக்கு எல்லைகள் வேறு.

மருந்தும் எதிரெதிர்தான். ஹைப்போவுக்கு லெவோதைராக்ஸின் கொடுத்து ஹார்மோனை ஈடுகட்டுவார்கள். ஹைப்பருக்குக் கார்பிமசோல் போன்ற மருந்தால் சுரப்பைக் கட்டுப்படுத்துவார்கள். "எனக்கும் தைராய்டு, உனக்கும் தைராய்டு" என்று ஒருவர் மாத்திரையை இன்னொருவர் விழுங்குவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இப்போது புரியும்.

படி 5: ஸ்கேன் சொற்களைக் கண்டு பயப்படாதீர்கள்

அல்ட்ராசவுண்டில் ஹைப்போஎக்கோயிக் என்றால் ஒலி அலைகளைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் பகுதி. படத்தில் இருண்டு தெரியும். ஹைப்பர்எக்கோயிக் என்றால் வெளுத்துத் தெரியும். சி.டி.யில் ஹைப்போடென்ஸ், எம்.ஆர்.ஐ.யில் ஹைப்பர்இன்டென்ஸ் என்பவையும் இவ்வாறே படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் குறிப்பவை. இவை நோயின் பெயர்கள் அல்ல. கொழுப்பு படிந்த கல்லீரல்கூட அல்ட்ராசவுண்டில் வெளுத்துத்தான் தெரியும். ரிப்போர்ட்டின் கடைசியில் இம்ப்ரெஷன் என்ற தலைப்பில் இருப்பதே முடிவு. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுங்கள்.

படி 6: சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது

இங்கேதான் நிமிடங்கள் கணக்கு. குப்பென்று வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை ஹைப்போகிளைசீமியாவின் அறிகுறிகள். ஹைப்பரில் தாகமும் அடிக்கடி சிறுநீரும் அசதியும் இருக்கும். அது பெரும்பாலும் மெல்ல வரும்.

1. குளுக்கோமீட்டரில் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரிடம் இறங்கியதற்கான அறிகுறி தெரிந்து, கையில் மீட்டர் இல்லையென்றால், சர்க்கரை இறங்கியதாகவே கொள்ளுங்கள்.
2. 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும்.
3. அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சமையல் சர்க்கரை உடனே பலிக்காது. குளுக்கோஸ் பவுடரே தேவை. ஒரு பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.
4. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் திரும்பக் கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிடச் செய்யுங்கள்.
5. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

படி 7: போனில் பேசும்போது தமிழில் சொல்லுங்கள்

இரைச்சலில் இந்த இரண்டு சொற்களும் காதில் ஒன்றாகவே விழும். கூடுதல், குறைவு என்ற தமிழ்ச் சொற்களில் அந்தக் குழப்பமே இல்லை. எண்ணையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"டாக்டர், அப்பாவுக்குச் சுகர் குறைஞ்சிருக்கு. அம்பத்தெட்டுதான் காட்டுது. காலையில இன்சுலின் போட்டாச்சு, இன்னும் சாப்பிடல."

டாக்டர் சொல்லும் பதிலை, "அப்ப குளுக்கோஸ் கொடுத்துட்டு, பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும், சரிங்களா?" என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் வீட்டு நோயாளிக்கு இருப்பது எது, அவருக்கு டாக்டர் சொன்ன எல்லை என்ன, எந்த மருந்து ஆகிய மூன்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள எல்லோரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உட்பட, அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். ஆபத்து நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரியானதைச் செய்வதற்கு அந்தத் தாள் போதும்.